மரமும் வேண்டும், பறவையும் வேண்டும்

மழைக்காடு என்றதும் வானளாவிய மரங்கள் நம் மனக்கண்முன் தோன்றும். அம்மரங்களை மனிதன் பலகையாகப் பார்க்கிறான். பறவையோ வீடாகப் பார்க்கிறது. இவ்விரு பார்வைக்கும் இணக்கம் உண்டா? விலங்கியல் பயிலும் நான் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

இருவாசிப் பறவையையே எடுத்துக்கொள்வோம். நம் ஆனைமலையிலும் இவ்வினம் உண்டு. போர்னியோத் தீவிலும் உண்டு. அலகு பெரிதாயினும் மரத்தைக் குடைந்து கூடமைக்க இதனால் இயலாது. இயற்கையாய் அமைந்த பொந்தையே நாடும். பெண் பறவை பொந்தினுள் புகுந்து, வாயிலை எச்சத்தாலும் மண்ணாலும் அடைத்துக்கொள்ளும். எஞ்சிய சிறு பிளவின் வழியே ஆண் பறவை வாரக்கணக்கில் பழம் ஊட்டும். அவ்வேளையில் அம்மரம் வெட்டப்பட்டால் ஒரு குடும்பமே அழிந்துபோகும். பெரிய பறவைக்கு ஏற்ற பொந்து முதிர்ந்த மரத்தில்தான் அமையும். மர வணிகர் முதலில் தேடுவதும் முதிர்ந்த மரத்தையே!

அப்படியானால் மரமே வெட்டக்கூடாதா? என் தந்தை மரவாடியில் சுமை தூக்குபவர். அந்தக் கூலியில்தான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக நான் கல்லூரிப் படி ஏறினேன். எனவே அப்படி எழுத என் பேனா துணியவில்லை. ஆனால் வாடியில் எல்லோரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு: உள்ளே பொந்து விழுந்த மரத்துக்கு விலை குறைவு. வணிகருக்கு உதவாத அம்மரமே பறவைக்கு மாளிகை!

வழி இங்கேதான் பிறக்கிறது. முதலாவதாக, பொந்து மரங்களையும், பழம் தரும் அத்தி இன மரங்களையும் முன்கூட்டியே அடையாளமிட்டு விட்டுவிட வேண்டும். இரண்டாவதாக, மரங்களைப் பிணைக்கும் கொடிகளை முன்னரே அறுத்துவிட வேண்டும். இல்லையேல் விழும் மரம் அண்டை மரங்களையும் இழுத்துச் சாய்க்கும். மூன்றாவதாக, மரம் விழும் திசையைத் திட்டமிட்டு, வண்டிப் பாதைகளைக் குறைக்க வேண்டும்.

இவை வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மலேசியாவின் சபா மாநிலத்தில் சுமார் 55,000 ஹெக்டேர் பரப்புள்ள தெரமாகோட் காடு, பொறுப்புடன் மரம் எடுப்பதற்கான சர்வதேசச் சான்றினை 1997இல் பெற்றது. போர்னியோவின் 8 வகை இருவாசிகளும் அங்கே காணப்படுகின்றன.

எனினும், அடர் நிழலில் பூச்சி பிடித்துண்ணும் சிறு பறவைகள் கவனமான வெட்டையும் எளிதில் தாங்கா. அவற்றுக்காகக் கோடரி படாத பகுதிகளும் வேண்டும்.

இருவாசி தான் உண்ட பழத்தின் விதைகளைத் தொலைவில் உதிர்த்துக் காட்டை வளர்க்கிறது. கூலி கேட்காத அந்த உழவனுக்கு ஒரு பொந்து மரம் விட்டுவைப்பது தருமம் அன்று. நாம் தர வேண்டிய கூலியே ஆகும்.