20 டாலருக்கு விலைபோன பாட்டு!
ஜமைக்கா தீவை உலகுக்குக் காட்டிய படத்தின் கதை

மலைப் பாதையில் ஒரு பஸ் வளைந்து வளைந்து வருகிறது. கூரை மேல் மூட்டை முடிச்சுகள். உள்ளே ஒரு வாலிபன். பெயர் ஐவன். வளர்த்த பாட்டி இறந்துவிட்டாள். ஊரில் இனி யாரும் இல்லை. பட்டணத்துக்குப் போய்ப் பெரிய பாடகன் ஆகிவிட வேண்டும் என்பது அவன் கனவு.

பட்டணத்தில் இறங்கிய சற்று நேரத்தில், அவனுடைய சாமான்களை ஏற்றிய தள்ளுவண்டிக்காரன், வண்டியோடு கம்பி நீட்டிவிடுகிறான். வெறுங்கையோடு போய்த் தாயின் கதவைத் தட்டுகிறான் மகன். அவளே ஒண்டிக் குடிசையில் வயிற்றைக் கழுவுகிறாள். ஊருக்கே திரும்பிப் போகச் சொல்கிறாள்.

அவன் போகவில்லை. பிழைப்பு தேடி ஊரை விட்டு வந்த யார்தான் உடனே திரும்பிப் போகிறார்கள்?

1972-ம் ஆண்டு வெளிவந்த "தி ஹார்டர் தே கம்" படம் இப்படித்தான் தொடங்குகிறது. "எத்தனை பலசாலியாக வந்தாலும், விழும்போது அடியும் அத்தனை பலமாக இருக்கும்" என்பது தலைப்பின் கருத்து.

சொந்த மண்ணின் படம்

ஜமைக்கா என்றதும் நம்மவர்களுக்குக் கிரிக்கெட் ஞாபகம் வரும். 1971-ல் இந்திய அணி மேற்கு இந்தியத் தீவுகளுக்குச் சென்றபோது, முதல் டெஸ்ட் நடந்த சபீனா பார்க் மைதானம் அதன் தலைநகரான கிங்ஸ்டனில்தான் இருக்கிறது. அந்த ஆட்டத்தில் சர்தேசாய் 212 ரன் குவித்தார். நம் சென்னை வெங்கட்ராகவன் அந்த அணியின் துணைக் கேப்டன்.

அதே கிங்ஸ்டனின் சேரிகளில், அந்தக் கால கட்டத்தில் உருவானது இந்தப் படம். டைரக்டர் பெர்ரி ஹென்சல். அதற்கு முன் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். டிரெவர் ரோனுடன் சேர்ந்து கதை-வசனம் எழுதினார். கையில் பணம் இருக்கும்போது படப்பிடிப்பு, தீர்ந்ததும் நிறுத்தம். இப்படியே விட்டு விட்டு எடுத்து முடித்தார்.

கதாநாயகன் பெயருக்கு ஒரு பின்னணி உண்டு. ஐவன்ஹோ மார்ட்டின் என்று ஜமைக்காவில் ஒரு துப்பாக்கிக் கொள்ளைக்காரன் இருந்தான். 1948-ல் போலீசார் அவனைச் சுட்டுக் கொன்றனர். அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, பாட்டுக்காரன் ஒருவனின் கதையாக மாற்றினார் ஹென்சல்.

கையெழுத்துப் போட்டால்தான்...

ஐவன் நல்ல பாட்டு ஒன்றைப் பாடி ஒலிப்பதிவு செய்கிறான். பட்டணத்து இசைத்தட்டு வியாபாரம் முழுவதும் ஒரே முதலாளியின் கையில். உரிமையை எழுதிக்கொடுத்தால் 20 டாலர் தருவதாக அவர் சொல்கிறார். ஐவன் மறுக்கிறான்.

இசைத்தட்டைத் தூக்கிக்கொண்டு தானே அலைகிறான். முதலாளியைப் பகைத்துக்கொண்டு அதைப் போட யாரும் தயாராக இல்லை. கடைசியில் அதே மேஜைக்குத் திரும்பி வருகிறான். அதே 20 டாலருக்குக் கையெழுத்துப் போடுகிறான்.

அந்தக் கையெழுத்துதான் அவன் வாழ்க்கையைத் திருப்புகிறது. பாட்டில் சோறு இல்லை என்று கண்டவன் கஞ்சா கடத்தலில் இறங்குகிறான். ("கஞ்சா" என்பது ஜமைக்காவிலும் அதே சொல்தான். 1845 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன இந்தியர்களோடு போய்ச் சேர்ந்த சொல் அது.) அந்தத் தொழிலிலும் மேலே பெரிய கைகள். அகப்படுவது சின்ன ஆள். ஐவன் போலீஸ்காரரைச் சுட்டுவிட்டுத் தலைமறைவாகிறான்.

அப்போதுதான் அவன் பாட்டு சக்கைப்போடு போடுகிறது! ஊரெல்லாம் அதுவே பேச்சு. பாடியவன் பதுங்கித் திரிகிறான். பணமோ முதலாளியின் பெட்டிக்குப் போகிறது. முடிவில் கடற்கரை மணலில் துப்பாக்கிக் குண்டுகளுக்குப் பலியாகிறான் ஐவன்.

நடிகரின் கதையும் அதுவே

ஐவனாக நடித்தவர் ஜிம்மி கிளிஃப். இயற்பெயர் ஜேம்ஸ் சேம்பர்ஸ். அவரும் 1944-ல் கிராமத்தில் பிறந்து, சிறு வயதிலேயே பாட்டு ஆசையில் கிங்ஸ்டனுக்கு வந்தவர்.

ஒருநாள் இரவு, ஐஸ்கிரீமும் இசைத்தட்டும் விற்கும் கடை ஒன்றைப் பார்த்தார். பெயர் பெவர்லிஸ். அந்தப் பெயரையே வைத்துச் சட்டென்று ஒரு பாட்டுக் கட்டி, உள்ளே போய்ப் பாடிக் காட்டினார். கடை உரிமையாளர் லெஸ்லி காங், சீன வம்சாவளியினர். அந்தப் பையனின் பேச்சில் மயங்கிப் பாட்டுத் தயாரிப்பில் இறங்கினார். பின்னாளில் ஜமைக்காவின் பெரிய இசைத் தயாரிப்பாளர்களில் ஒருவரானார்.

டைரக்டரே நோட்டீஸ் கொடுத்தார்!

கிங்ஸ்டனில் கரீப் தியேட்டரில் முதல் காட்சி. கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. அழைப்பிதழ் வைத்திருந்தவர்களே உள்ளே நுழையத் திண்டாடினார்கள். தங்கள் முகத்தை, தங்கள் பேச்சை ஜனங்கள் முதன்முறையாகத் திரையில் கண்டார்கள்.

லண்டனில் அப்படி இல்லை. ஜமைக்காவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நிறைந்த பிரிக்ஸ்டன் பகுதியில் படம் திரையிடப்பட்டது. தொடக்கத்தில் கூட்டம் சேரவில்லை. டைரக்டர் ஹென்சலே தெருவில் நின்று துண்டு நோட்டீஸ் கொடுத்தார். செய்தி பரவியது. கொட்டகை நிரம்பியது. மாட்டுங்கா அரோரா தியேட்டரில் தமிழ்ப் படம் ஓடிய காலத்தில், தாராவியிலிருந்து குடும்பத்தோடு போய்ப் பார்த்தவர்களுக்கு அந்த மகிழ்ச்சி புரியும்.

அமெரிக்காவில் 1973-ல் வெளியானது. பேசுவது ஆங்கிலம் என்றாலும் ஜமைக்கா கொச்சை. அதனால் ஆங்கிலப் படத்துக்கே ஆங்கிலத்தில் எழுத்துப் போட வேண்டியதாயிற்று! பெரிய வசூல் இல்லை. ஆனால் நள்ளிரவுக் காட்சிகளில் மாணவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். கேம்பிரிட்ஜ் நகரின் ஆர்சன் வெல்ஸ் தியேட்டரில் பல ஆண்டுகள் ஓடியது.

12 பாடல் கொண்ட தட்டு

படத்தைவிட வேகமாகப் பரவியது அதன் இசைத்தட்டு. மொத்தம் 12. பாதி, கிளிஃப் பாடியவை. டூட்ஸ், டெஸ்மண்ட் டெக்கர், மெலோடியன்ஸ் குழு ஆகியோரின் பாடல்களும் உண்டு. பெரும்பாலானவை முன்பே ஜமைக்காவில் வெளிவந்தவை. தலைப்புப் பாட்டு மட்டும் படத்துக்காகவே பிறந்தது. ராக் இசை கேட்டு வளர்ந்த மேல்நாட்டு இளைஞர்கள் பலருக்கு "ரெகே" என்ற இசையை முதலில் அறிமுகம் செய்தது இந்தத் தட்டுதான். பாப் மார்லியின் புகழ் உலகம் சுற்றியது அதற்குப் பிறகே.

2021-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது. ஹென்சல் 2006-ல் காலமானார். ஜிம்மி கிளிஃப் 2025 நவம்பரில், தமது 81-வது வயதில் மறைந்தார்.

பட்டணம் அடித்த அடியில் ஐவன் விழுந்துவிட்டான். அவனாக நடித்தவர் விழாமல் நின்றார். படத்தில் 20 டாலருக்கு விலைபோன அந்தப் பாட்டு, 50 ஆண்டு தாண்டியும் ஒலித்துக்கொண்டே இருக்கிறது.