ஓய்வு மட்டும் மருந்தாகாது: இதய நோயாளிகளுக்கான உடற்பயிற்சிக் குழுக்கள்

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்றவர் வீடு திரும்பும் நாளில், குடும்பத்தார் எங்களிடம் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை 'கூடாது' என்ற விடையை எதிர்பார்த்தே கேட்கப்படுகின்றன. "மாடிப்படி ஏறக் கூடாது அல்லவா?" "கடைக்குத் தனியாகப் போகக் கூடாது அல்லவா?" "இனி வயல் வேலை வேண்டாம்தானே?" கேட்பவர் பெரும்பாலும் நோயாளி அல்லர், அவருடைய மனைவியோ மகனோ மருமகளோதான். அக்கேள்விகள் அன்பிலிருந்தும் அச்சத்திலிருந்தும் பிறக்கின்றன என்பதை நாங்கள் நன்கு அறிவோம். எனினும், அந்த அன்பே சில மாதங்களில் நடக்கக் கூடிய ஒருவரை நாற்காலியோடு கட்டிப் போட்டுவிடுவதையும் நாங்கள் புறநோயாளர் பிரிவில் தொடர்ந்து காண்கிறோம்.

அடைபட்ட இரத்தக் குழாயை ஸ்டென்ட் மூலம் திறக்கலாம். பைபாஸ் அறுவை சிகிச்சையால் இரத்தத்துக்கு மாற்று வழி அமைக்கலாம். ஆனால் இழந்த வலுவையும் துணிவையும் அறுவை அரங்கில் திரும்பத் தர இயலாது. அவற்றைத் திரும்பப் பெறுவதற்கான வழிகளுள் ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை. இதய நோயாளிகள் ஒன்றுகூடி, மருத்துவ ஆலோசனையின்படி உடற்பயிற்சி செய்யும் குழுக்களைப் பற்றி இங்கு விளக்குகிறோம்.

படுக்கையிலிருந்து நடைக்கு

மாரடைப்பு வந்தவர் ஆறு வாரங்கள் வரை படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் மருத்துவ உலகமே நம்பியது. உணவைக்கூட மற்றவர் ஊட்டிய காலம் அது. 1952-இல் அமெரிக்க மருத்துவர்களான சாமுவேல் லெவின், பெர்னார்ட் லோன் ஆகியோர் நோயாளிகளைப் படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியில் அமர வைத்துச் சிகிச்சை அளிக்கலாம் என்று எழுதியது அன்றைக்குப் பெரும் துணிச்சலாகக் கருதப்பட்டது.

நீண்ட படுக்கை ஓய்வு உடலை என்ன செய்கிறது என்பதை 1966-இல் டல்லாஸ் நகரில் நடந்த ஓர் ஆய்வு தெளிவாக்கியது. நல்ல உடல்நலமுள்ள ஐந்து இளைஞர்கள் மூன்று வாரங்கள் படுக்கையில் வைக்கப்பட்டனர். அவர்களுடைய உடல் உழைப்பின்போது ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் கால் பங்குக்கும் மேல் குறைந்தது. அதே ஐவரையும் முப்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் சோதித்தபோது, அந்த மூன்று வார ஓய்வு குறைத்த அளவுக்கு முப்பது ஆண்டு முதுமைகூட அவர்களுடைய திறனைக் குறைக்கவில்லை எனத் தெரிந்தது. இருபது வயது இளைஞருக்கே இந்த நிலை என்றால், அறுபது வயதில் மாரடைப்பு வந்து மூன்று மாதம் முடங்கிக் கிடப்பவரின் தசைகள் என்னவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள். அவருக்கு வரும் மூச்சிரைப்பில் ஒரு பகுதி இதயத்தால் வருவது. மற்றொரு பகுதி அசையாமல் இருந்ததால் வருவது. இரண்டாவது பகுதியை நம்மால் மாற்ற இயலும்.

பயிற்சி உடலில் என்ன செய்கிறது?

முறையான பயிற்சி முதலில் கால், கைத் தசைகளை மாற்றுகிறது. பயின்ற தசை, கிடைக்கும் இரத்தத்திலிருந்து கூடுதல் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அதனால் அதே தொலைவை நடக்க இதயம் முன்பைவிடக் குறைவாக உழைத்தால் போதும். நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் படிப்படியாகக் குறைகின்றன. இரத்தக் குழாயின் உட்சுவர் தேவைக்கேற்ப விரியும் தன்மையைத் திரும்பப் பெறுகிறது. இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. உறக்கமும் மனநிலையும் சீரடைகின்றன.

குழாயில் உள்ள அடைப்பு நடந்தால் கரைந்துவிடும் என்று சிலர் எண்ணுகின்றனர். அப்படி எதிர்பார்க்க வேண்டாம். பயிற்சி மருந்துக்கு மாற்று அன்று. மருந்தோடு சேர வேண்டிய மற்றொரு சிகிச்சை. ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் முதலிய மாத்திரைகளை, 'இப்போதுதான் நன்றாக நடக்கிறேனே' என்று தாமாக நிறுத்திவிடக் கூடாது. குறிப்பாக, ஸ்டென்ட் வைத்தவர் இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் ஒரு நாளும் விடலாகாது.

பயனுக்குச் சான்று உண்டா என்றால், உண்டு. 2021-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 23,000-க்கும் மேற்பட்ட இதய நோயாளிகள் பங்கேற்ற 85 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. பயிற்சியுடன் கூடிய மறுவாழ்வுத் திட்டத்தில் சேர்ந்தவர்களிடையே இதய நோயால் ஏற்படும் இறப்பு, மீண்டும் மாரடைப்பு, மீண்டும் மருத்துவமனையில் சேர்தல் ஆகிய மூன்றும் குறைந்திருந்தன. நம் நாட்டில் 24 மருத்துவமனைகளில் ஏறக்குறைய 4,000 நோயாளிகளிடம் யோகாவை அடிப்படையாகக் கொண்ட மறுவாழ்வுத் திட்டம் ஒன்று ஆராயப்பட்டு, 2020-இல் முடிவுகள் வெளியாயின. இறப்பையும் மறு மாரடைப்பையும் அது குறைத்தது என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் தங்கள் வழக்கமான வேலைகளுக்கு மேலும் நன்றாகத் திரும்பினர். அவர்களுடைய வாழ்க்கைத் தரமும் உயர்ந்திருந்தது.

குழு எதற்கு?

நடப்பதற்குக் கூட்டம் எதற்கு என்று கேட்கலாம். இதற்கு ஜெர்மனியின் அனுபவம் நல்ல விடை. அங்கே 1965-இல் ஷோர்ண்டார்ஃப் என்னும் சிறு நகரத்தில் முதல் 'இதயக் குழு' தொடங்கப்பட்டது. இன்று அந்நாடெங்கும் அத்தகைய குழுக்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. பள்ளி விளையாட்டரங்கு போன்ற பொது இடங்களில், பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டலில், மருத்துவக் கண்காணிப்போடு அவை கூடுகின்றன. ஒரு குழுவில் இருபது பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. மாத்திரையை எழுதித் தருவது போலவே மருத்துவர் குழுப் பயிற்சியையும் சீட்டில் எழுதித் தருகிறார். செலவைக் காப்பீடு ஏற்கிறது.

அக்குழுக்கள் நிலைத்திருப்பதற்கான காரணங்கள் நம் ஊருக்கும் பொருந்துவனவே. முதலாவது, ஒழுங்கு. தனியாக நடப்பவர் மழையன்று நின்றுவிடுவார், மறுநாளும் நின்றுவிடுவார். காத்திருக்கும் நான்கு பேர் இருந்தால் புறப்பட்டுவிடுவார். இரண்டாவது, பாதுகாப்பு. ஒருவர் முகம் வெளிறினால் அருகில் நடப்பவர் கவனித்துவிடுவார். மூன்றாவது, துணிவு. பைபாஸ் செய்து ஐந்து ஆண்டுகள் ஆன ஒருவர் முன்னால் நடந்து போவதைக் காண்பது, நாங்கள் சொல்லும் பத்து அறிவுரைகளைவிட வலிமையானது. மாரடைப்புக்குப் பின் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதை எங்களிடம் சொல்லத் தயங்குபவர், தம்மைப் போன்ற ஒருவரிடம் சொல்லிவிடுகிறார். இல்லற வாழ்வைத் தொடரலாமா என்று எங்களிடம் கேட்கக் கூசும் கேள்வியும் அவ்வாறே அங்கு எழுகிறது. அதை எங்களிடமும் கேளுங்கள். பெரும்பாலோருக்கு விடை 'தொடரலாம்' என்பதே.

சேர்வதற்கு முன்

குழுவில் சேருமுன் உங்கள் இதய மருத்துவரின் எழுத்துவழி ஒப்புதல் தேவை. எக்கோ சோதனை, இசிஜி, தேவையானால் டிரெட்மில் சோதனை அல்லது ஆறு நிமிட நடைச் சோதனை ஆகியவற்றைக் கொண்டு, நீங்கள் எந்த அளவில் தொடங்கலாம் என்பதை அவர் முடிவு செய்வார். பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு நடை விரைவிலேயே தொடங்கும். ஆனால் பிளக்கப்பட்ட மார்பெலும்பு நன்கு கூடும் வரை, அதாவது சுமார் மூன்று மாதங்கள் வரை, கனமான பொருளைத் தூக்குவதும் தள்ளுவதும் இழுப்பதும் கூடாது.

சிலர் காத்திருக்க வேண்டும். ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சுவலி வருபவர், இதயச் செயலிழப்பால் கால் வீங்கி மூச்சுத் திணறல் அதிகரித்து வருபவர், கட்டுப்படாத துடிப்புக் கோளாறு உள்ளவர், அறிகுறிகளோடு கூடிய கடுமையான பெருந்தமனி வால்வுச் சுருக்கம் உள்ளவர், காய்ச்சலில் இருப்பவர், ஓய்விலேயே இரத்த அழுத்தம் 180/110-க்கு மேல் இருப்பவர் ஆகியோர் முதலில் சிகிச்சை பெற வேண்டும்; பயிற்சி அதன் பிறகே.

ஒரு மணி நேரம் எப்படி அமைய வேண்டும்?

முதல் பத்துப் பதினைந்து நிமிடங்கள் மெல்லிய நடையும் கைகால் அசைவுகளும். இதயத்தின் இரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்க இந்த நேரம் வேண்டும். அடுத்த இருபது முதல் முப்பது நிமிடங்கள் முதன்மைப் பயிற்சி. இறுதிப் பத்து நிமிடங்கள் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்தல். வேகமாக நடந்தவர் சட்டென்று நின்றால் இரத்தம் கால்களில் தேங்கி, அழுத்தம் குறைந்து, மயக்கம் வரலாம். ஆகவே இந்தக் கடைசிப் பத்து நிமிடங்களை யாரும் விட்டுச் செல்லலாகாது. புதிதாகச் சேர்பவர் முதன்மைப் பயிற்சியை ஐந்து அல்லது பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டினால் போதும். வாரத்துக்கு மொத்தம் 150 நிமிட மிதமான பயிற்சி என்பதே நாளடைவில் எட்ட வேண்டிய இலக்கு.

'மிதம்' என்பதை எப்படி அறிவது? மெட்டோபுரோலால், பைசோபுரோலால் போன்ற மாத்திரைகள் நாடித் துடிப்பைக் கட்டுப்படுத்துவதால், அவற்றை உண்பவர் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை மட்டும் நம்ப இயலாது. எளிய சோதனை ஒன்று உண்டு. நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். ஆனால் பாட்டுப் பாட மூச்சுப் போதாது. அந்த அளவே சரியானது. பேசவே மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். குழுவில் நடப்பவருக்கு இச்சோதனை தானாகவே நடந்துவிடுகிறது. பேச்சு நின்றவரைப் பக்கத்தில் வருபவர் கவனிப்பார்.

நம் தட்பவெப்பத்தில் அதிகாலையோ வெயில் தாழ்ந்த மாலையோ ஏற்றது. உணவுக்குப் பின் இரண்டு மணி நேரமாவது கழிய வேண்டும். நீர்போக்கு மாத்திரை உண்பவர், கோடையில் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம்; சட்டைப் பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். கால் உணர்வு குறைந்தவர் வெறுங்காலில் நடக்கவே கூடாது.

எப்போது நிறுத்த வேண்டும்?

நெஞ்சில் அழுத்தம் அல்லது எரிச்சல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, படபடப்பு, குளிர்ந்த வியர்வை ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நின்று அமர வேண்டும். 'இன்னும் ஒரு சுற்றுத்தானே' என்று எண்ணலாகாது. மருத்துவர் எழுதித் தந்திருந்தால், நாவின் கீழ் வைக்கும் மாத்திரையை அமர்ந்த நிலையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். நின்றபடி வைத்தால் அழுத்தம் குறைந்து விழ நேரிடலாம். ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிட்டால் 108-ஐ அழையுங்கள். தாமே வண்டி ஓட்டி மருத்துவமனைக்கு வர முயல வேண்டாம்.

பயிற்சியின்போது இதயம் நின்றுவிடுமோ என்ற அச்சம் இயல்பானது. மேற்பார்வையுடன் நடக்கும் பயிற்சிகளில் அவ்வாறு நேர்வது ஒரு லட்சம் பயிற்சி மணி நேரத்துக்கு ஒன்று என்ற அளவிலோ அதற்கும் குறைவாகவோதான் பதிவாகியுள்ளது. ஆயினும் அந்த ஒன்றுக்கும் குழு ஆயத்தமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது இருவராவது மார்பழுத்த முதலுதவி கற்றிருத்தல் நன்று. ஒருவர் உணர்வின்றி விழுந்து, இயல்பாக மூச்சு விடாமல் இருந்தால், மார்பின் நடுவே ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, உதவி வரும்வரை அழுத்த வேண்டும். இதை ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம்.

பெண்கள் எங்கே?

உலகெங்கும் இதய மறுவாழ்வுப் பயிற்சியில் ஆண்களைவிடப் பெண்கள் குறைவாகவே சேர்கின்றனர். நம் வீடுகளிலும் அதுவே நிலை. கணவருக்கு மாரடைப்பு வந்தால் மனைவி அவரை நடைக்கு அழைத்துச் செல்கிறார். மனைவிக்கு வந்தாலோ, சில வாரங்களில் அவர் அடுப்பங்கரைக்குத் திரும்பிவிடுகிறார்; 'வீட்டு வேலையே அவருக்கு உடற்பயிற்சிதானே' என்கிறோம். வீட்டு வேலை உடலைச் சோர்வடையச் செய்யும். ஆனால் விட்டுவிட்டு நடைபெறும் அவ்வுழைப்பு, இதயத்துக்குத் தேவையான சீரான தொடர் பயிற்சியைப் பெரும்பாலும் தருவதில்லை. அவருக்கு நாளில் நாற்பது நிமிடம் ஒதுக்கித் தருவது குடும்பத்தின் பொறுப்பு. அந்த நேரத்தில் சோற்றை வடிப்பதற்கு வீட்டில் வேறு கைகள் உண்டு.

உங்கள் ஊரில் தொடங்க

குழு தொடங்கப் பெரும் பொருள் வேண்டாம். சமதளமான, நிழலுள்ள, வாகனம் வராத இடம் ஒன்று வேண்டும். தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைகள் அடையாளம் காணப்பட்டுள்ளன. இதய நோயாளி எட்டுக் கிலோமீட்டரையும் நடக்க வேண்டியதில்லை. அதில் உங்களுக்கு ஏற்ற ஒரு பகுதியே போதும். ஒவ்வொருவரும் தம் பெயர், நோய், உண்ணும் மாத்திரைகள், வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிய அட்டையைப் பையில் வைத்திருக்க வேண்டும். வருகைப் பதிவுக்கு ஒரு நோட்டு, இரத்த அழுத்தமானி ஒன்று, 108-ஐ அழைக்கச் செயல்படும் கைப்பேசி ஒன்று ஆகியவை போதும். வேகத்தில் போட்டி கூடாது என்பதே குழுவின் முதல் விதியாக இருக்கட்டும். மிக மெதுவாக நடப்பவரோடு எப்போதும் ஒருவர் உடன் நடக்க வேண்டும் என்பது இரண்டாவது.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது 'என்னென்ன கூடாது' என்ற பட்டியலோடு, 'எவ்வளவு நடக்கலாம்' என்ற கேள்வியையும் கொண்டு வாருங்கள். அதற்குரிய விடையை, நிமிடக் கணக்கோடு, மருந்துச் சீட்டிலேயே எழுதித் தருகிறோம்.