முட்டைப் பந்தின் மூக்கு

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் கால் இருப்பது பெரும்பாலும் பெயரில்தான். முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கும்பலாக முட்டி மோதி முன்னேறுவதே 1905 வரை ஆட்டமாக இருந்தது. அப்போது பந்தை முன்பக்கம் எறியக் கூடாது. 1905 பருவத்தில் மட்டும் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் 18 பேர் இறந்ததாகப் பத்திரிகைகள் கணக்குச் சொல்லின. அதிபர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கே அழைத்துப் பேசினார்.

1906இல் விதி மாறியது. முன்னே எறியலாம், ஆனால் யார் கையும் படாமல் பந்து தரையில் விழுந்தால் அது எதிரணிக்குப் போய்விடும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கும் சலுகை. பெரும்பாலான பயிற்சியாளர்கள் அதைத் தொடவே தயங்கினார்கள். செயின்ட் லூயி பல்கலைக்கழகத்தின் எட்டி கோக்கம்ஸ் தயங்கவில்லை. கோடையிலேயே பையன்களை விஸ்கான்சினின் பியூலா ஏரிக்கரைக்கு அழைத்துப்போய், எறிவதையே பாடமாக நடத்தினார்.

அன்றைய பந்து இன்றையதைவிடப் பருத்தது, உள்ளங்கைக்கு அடங்காது. கோக்கம்ஸ் கண் வைத்தது பந்தின் வாயை இழுத்துக் கட்டிய வாரில். வழுக்கும் தோலில் விரலுக்குப் பிடி கிடைக்கும் ஒரே இடம் அந்த வார்முடிச்சுகள்தான். விரலை அதில் பதித்து எறிந்தால் பந்து தன் நீள அச்சைச் சுற்றிச் சுழன்றுகொண்டே போகும்.

சுழலாத பந்தின் மூக்கைக் காற்று மேலே தள்ளும். பந்து குட்டிக்கரணம் போட்டு, அகலப் பக்கத்தால் காற்றை முட்டி, வேகமிழக்கும். சுழலும் பந்தையும் காற்று அப்படியேதான் தள்ளுகிறது. ஆனால் சாயும் பம்பரம் உடனே விழாமல் தலையைச் சுற்றுவதில்லையா? அதுபோல் மூக்கு மேலே எழாமல் பக்கவாட்டில் நகர்ந்து, பந்து போகும் திசையைச் சுற்றிச் சிறு வட்டம் போடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. சுழலும் பொருள் தன் அச்சை மாற்றிக்கொள்ளாது என்று படித்திருப்போம். அப்படியானால் வானம் பார்த்து எறிந்த பந்து, இறங்கும்போதும் வானத்தையே பார்க்க வேண்டும். நல்ல எறிதலில் அது தலை கவிழ்ந்து இறங்குகிறது! காரணமும் காற்றுதான். காற்றே இல்லாத இடத்தில் மூக்கு வானம் பார்த்தபடியேதான் இருக்கும். இங்கோ மூக்கு போடும் வட்டத்தின் நடுப்புள்ளி பந்தின் பாதை. பாதை வளைந்து இறங்க, வட்டமும் கூடவே இறங்குகிறது. இயற்பியலாளர் மூவர் 2020இல்கூட இந்தப் புதிரைக் கணக்குப் போட்டு ஆய்விதழில் எழுதினார்கள்.

1906 செப்டம்பர் 5, வாக்கிஷா நகரில் கரோல் கல்லூரியுடன் ஆட்டம். கோக்கம்ஸ் அணியின் பிராட்பரி ராபின்சன் எறிந்த முதல் பந்து தரையில் விழுந்தது; விதிப்படி எதிரணிக்குப் போனது. பிறகு மறுபடி எறிந்தார். ஜாக் ஷ்னைடர் பிடித்துக் கோட்டைக் கடந்தார். 22–0 என்று செயின்ட் லூயி வென்றது. அந்தப் பருவத்தில் ஆடிய 11 ஆட்டங்களிலும் வெற்றி. எடுத்தது 407 புள்ளி, கொடுத்தது 11.

கிழக்குக் கரையின் பெரிய கல்லூரிகள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1913இல் நோட்ரடாம் அணி எறிந்தெறிந்தே ராணுவக் கல்லூரியை 35–13 என்று தோற்கடித்தபோதுதான் அவர்களுக்கு உறைத்தது. அதற்கு முந்தைய வருடமே பந்தையும் கொஞ்சம் ஒல்லியாக்கியிருந்தார்கள்.