கொல்லிமலைக்கு ரோடு போட்டாயிற்று, மில்?

கொல்லிமலைக்கு ரோடு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறலாம்; முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு பாதையும் உண்டு. மிளகு, அன்னாசி, பலா எல்லாம் அந்த வழியாகத்தான் இறங்குகின்றன. ஆனால், அந்த மலைக்காரர்களின் தட்டில் சாமைச் சோறு குறைந்ததற்கும் அதே ரோடு ஒரு காரணம் என்பேன்.

லாரி மேலே வர ஆரம்பித்ததும் சாமை விளைந்த காட்டில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, ஏறியது. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். விவசாயிக்கு ரொக்கம் வேண்டும். பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டிய அப்பாவை இதில் குறை சொல்ல மாட்டேன். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மரவள்ளியைப் பிடுங்கிவிட்டால் இரண்டு மூன்று நாளுக்குள் உள்ளே கறுக்கத் தொடங்கிவிடும். ஆலையோ கீழே. கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். சாமை அப்படியில்லை, காயவைத்துக் கட்டினால் நல்ல விலை வரும்வரை மூட்டையில் கிடக்கும்.

பிறகு ஏன் சாமையை விட்டார்கள்? சாமை குத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணி; அதில் உமி இறுக ஒட்டிக்கொண்டிருக்கும். உரலில் போட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததை மறுபடி உரலில் கொட்டிக் குத்த வேண்டும். உள்ளங்கை காய்த்துப்போகும். காட்டு வேலை முடிந்து வந்த பெண்தான் இதையும் செய்ய வேண்டும், அதுவும் ஒரு வேளைச் சோற்றுக்கு. ரேஷன் அரிசி வீட்டுக்கு வந்த பிறகு உரல் ஓரத்துக்குப் போனதில் என்ன வியப்பு?

1990களிலிருந்து அங்கே வேலை செய்யும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உமி நீக்கும் இந்தச் சிரமத்தைச் சரியாகப் பிடித்தது. வெள்ளப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை போன்ற நாட்டு ரகங்களின் விதையைக் காப்பாற்றியதோடு நிற்காமல், உமி நீக்கும் சிறு இயந்திரங்களை ஊர்களில் வைத்து, மகளிர் குழுக்களிடம் பொறுப்பையும் கொடுத்தது. மலைக்கு வந்த வசதிகளில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான். மணிக்கணக்கில் கை செய்த வேலையை அது நிமிடங்களில் முடிக்கிறது. மூட்டையாக இறங்கிய தானியம் அரிசியாக, மாவாக, பாக்கெட்டில் இறங்குகிறது. கூலியும் லாபமும் மேலேயே தங்குகின்றன.

இயந்திரத்தை வைத்துவிட்டுப் போனால் போதாது. விட்டுவிட்டு வராத கரண்ட் வேண்டும், தானியம் காயவைக்க சிமென்ட் களம் வேண்டும், பெல்ட் அறுந்தால் மாற்ற உள்ளூரிலேயே ஒரு மெக்கானிக் வேண்டும். ரோட்டுக்கு ஆகும் செலவோடு பார்த்தால் இதெல்லாம் சில்லறைக் காசு. மலைக்கான திட்டத்தில் ரோட்டுக்கு அடுத்த வரியிலேயே இவற்றை எழுத வேண்டும்.

அடுத்த முறை ஆகாய கங்கை அருவிக்குப் போகிறவர்கள் மிளகோடு நிறுத்திவிடாதீர்கள். மகளிர் குழுக்கள் மலையிலேயே உமி நீக்கிய சாமை எங்கே கிடைக்கும் என்று விசாரித்து, இரண்டு கிலோ வாங்கி வாருங்கள்.