முத்திரை இல்லாத பதக்கத்தை அடித்தது யார்?

கொழும்புக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஆட்கள் போய்வந்த கரை நம் தூத்துக்குடிக் கரை. நேதாஜி என்றால் இங்கே மரியாதை தனி. ஆசாத் ஹிந்த் பதக்கம் என்று யாராவது நீட்டினால் ஆசையோடு வாங்கித் திருப்பிப் பார்ப்போம். பின்னால் பெயரும் இருக்காது, எண்ணும் இருக்காது. “அப்போ போலிதான்” என்று திருப்பிக் கொடுத்துவிடுவோம். எல்லோரும் தவறுவது அங்கேதான். டீயைக் குடித்தபடி நிதானமாகப் பார்ப்போம்.

நேதாஜி ஜெர்மனியில் இருந்தபோது, 1942-இல், இந்தப் பதக்கங்களை ஏற்படுத்தினார். அடித்துக் கொடுத்தது வியன்னாவின் ருடால்ஃப் சூவால் நிறுவனம். ஆஸ்திரியா அப்போது ஜெர்மனியோடு இணைக்கப்பட்டிருந்தது. ஜெர்மனியில் திரட்டப்பட்ட இந்தியப் படையினருக்கும், அவர்களோடு பணியாற்றிய ஜெர்மானியருக்கும் இவை வழங்கப்பட்டன. எனவே பர்மாப் போர்முனையில் நின்ற தாத்தாவின் பெட்டியில் வியன்னாவில் அடித்த பதக்கம் இருந்தால், ஐரோப்பாவிலிருந்து எப்படி வந்தது என்று முதலில் கேட்க வேண்டும்.

அன்றைய ஜெர்மனியில் பதக்கம் செய்பவர்களுக்கு அடையாள எண்கள் இருந்தன. கடையில் விற்கும் பதக்கத்துக்கு ஒரு வரிசை, அரசு வழங்கும் பதக்கத்துக்கு வேறு வரிசை. ஆனால் எண்ணே இல்லாமல் வெளிவந்த அசல் பதக்கங்களும் ஏராளம். இன்னொன்று, முத்திரையைப் போல எளிதாகப் பொய்யாக்கக்கூடியது வேறில்லை. ஒரு சிறு உளி போதும்.

பிறகு எதை நம்புவது? அச்சை. பதக்கம் எஃகு அச்சில் அழுத்தி அடிக்கப்படுவது. முறுக்கு அச்சில் ஒரு பல் உடைந்திருந்தால், அந்த வீட்டு முறுக்கு அத்தனையிலும் அந்த வடு தெரியுமல்லவா? எஃகு அச்சில் விழுந்த விரிசலும் அப்படித்தான். பதக்கத்தில் மயிரிழை மேடாக எழும். முத்திரை உள்ள ஒரு பதக்கத்திலும் முத்திரை இல்லாத ஒன்றிலும் அதே மேடு அதே இடத்தில் இருந்தால், இரண்டும் ஒரே அச்சில் பிறந்தவை. அச்சுகள் கைமாறுவதும் உண்டு. அதனால் ஊசி, கீல், பற்றவைத்த விதம் எல்லாவற்றையும் சேர்த்தே பார்ப்பார்கள். அசலிலிருந்து வார்ப்பெடுத்த நகலோ, உலோகம் ஆறும்போது சுருங்கிச் சற்றே சிறிதாகும், விளிம்பும் மழுங்கியிருக்கும்.

இவ்வளவும் பொருந்தினாலும் நமக்குத் தெரிவது யார் அடித்தார் என்பது மட்டுமே. எப்போது அடித்தார் என்பது வேறு கேள்வி. சூவால் நிறுவனம் போர் முடிந்த பிறகும் பதக்கங்களைச் செய்து விற்றது. ஆகவே செய்தவர் சரி, காலம் பொய் என்பது இந்தப் பதக்கங்களில் நடக்கக்கூடியதே. உலோகமும் மேற்பூச்சும் கொக்கியும்தான் அங்கே சாட்சி. என் கணிப்பில், விலை பேசுவதற்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி இதுவே.

உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். இரு பக்கமும் விளிம்பும் தெரியப் படம் எடுங்கள், எடையும் அளவும் குறித்து வையுங்கள், பிறகு விவரம் அறிந்தவரிடம் காட்டுங்கள்.