கிரயத்துக்கு முன்

சென்னையிலிருந்து திண்டிவனத்தை நோக்கியோ திருவள்ளூரை நோக்கியோ செல்லும் சாலைகளின் ஓரத்தில் வர்ணக் கொடிகள் நட்டு, எல்லைக்கல் ஊன்றி, ஞாயிற்றுக்கிழமைதோறும் வேன் வைத்து அழைத்துச் சென்று மத்தியானச் சாப்பாடும் போட்டு மனை விற்கிறவர்கள், அன்றைய தினமே முன்பணம் கட்டினால் சதுர அடிக்கு இவ்வளவு தள்ளுபடி என்று சொல்லும்போது, முதன்முதலாக நிலத்தில் பணம் போட வந்தவர் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்தியடைந்துவிடுவது சகஜம். இரண்டும் அவசியமான காகிதங்களே. ஆனால் எந்தக் காகிதம் எதற்குச் சாட்சி, எதற்குச் சாட்சியல்ல என்பதை விசாரியாமல் நம்புவதிலிருந்துதான் நில வியாஜ்யங்களில் பெரும்பகுதி உற்பத்தியாகிறது என்பது என் அபிப்பிராயம்.

பட்டாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது வருவாய்த் துறையின் கணக்கு. அதில் பெயர் ஏறியதனால் மட்டும் ஒருவருக்குச் சொத்தில் பாத்தியதை பிறந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை தீர்ப்பளித்திருக்கிறது.

வில்லங்கச் சான்றின் விஷயம் இன்னும் சூட்சுமமானது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணங்களை மட்டுமே அது காட்டும். பதிவாகாத உயிலையோ, வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினையையோ, ஏதோ ஒரு நீதிமன்றத்தில் நிலுவையிலிருக்கும் வழக்கையோ அது அறியாது. அன்றியும், நாம் கேட்ட சர்வே எண்ணுக்கும் கேட்ட காலத்துக்கும்தான் அது பதில் சொல்கிறது. 112 என்றிருந்த புலம் பின்னாளில் 112/3 என்று உட்பிரிவாகியிருக்க, புதிய எண்ணை மட்டும் கொடுத்துத் தேடுகிறவருக்கு, பழைய எண்ணின் கீழ் பதிவான அடமானம் கண்ணில் படாமலே போகலாம். ஆதலால் முப்பது வருஷத்துக்குக் குறையாமல், இரண்டு எண்களையும் கொடுத்து, அந்தக் கிராமம் முன்பு வேறு சார்பதிவகத்தின் எல்லையில் இருந்திருந்தால் அங்கும் தேடிப் பார்த்து, மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை கை மாறிய சங்கிலியில் ஒரு கண்ணியும் விடுபடவில்லை என்று வக்கீல் ஒருவரைக் கொண்டு நிச்சயித்துக்கொள்வதே விவேகம்.

சங்கிலி அறுந்துபோவது பெரும்பாலும் குடும்பத்துக்குள்தான். தகப்பனார் உயில் எழுதாமல் காலமாகி, ஆண்பிள்ளைகள் நால்வரும் சேர்ந்து விற்று, கல்யாணமாகிப் போன சகோதரியின் கையொப்பத்தை ஒருவரும் கேட்காமல் விட்ட பத்திரங்கள் நம் ஊர்களில் அநேகம். இந்துக் குடும்பங்களில் தகப்பனாரின் சுயார்ஜிதச் சொத்தில் பெண்மக்களுக்கு 1956ஆம் வருஷத்துச் சட்டமே சமபங்கு கொடுத்துவிட்டது. பூர்வீகச் சொத்தில் 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தமும் 2005இல் மத்திய அரசின் திருத்தமும் அவ்வுரிமையை அளித்தன. 2005இல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனவே வாரிசுச் சான்றிலுள்ள ஒவ்வொரு பெயரும் கிரயப் பத்திரத்தில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வாரிசுகளில் மைனர் இருந்து, அவருடைய சொந்தப் பங்கை நீதிமன்ற அனுமதியின்றி விற்றிருந்தால், வயது வந்தபின் மூன்று வருஷத்துக்குள் அவர் அதை ரத்து செய்யக் கோரலாம்.

பவர் பத்திரத்தையே கிரயமாகப் பாவிக்கும் வழக்கமும் ஆபத்தானது. முத்திரைத் தீர்வையை மிச்சப்படுத்தும் உபாயமென்று, முழுத் தொகையையும் கொடுத்துப் பவர் மட்டும் வாங்கிக்கொண்டவருக்குச் சொத்து சொந்தமாகாது என்பதை 2011ஆம் வருஷத்து சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐயமற உரைத்தது. எழுதிக்கொடுத்தவர் இறந்தால் சாதாரணப் பவரும் அவரோடு முடிகிறது. முகவரிடம் வாங்குவதானால், பவர் ரத்தாகவில்லை என்பதையும் முதலாளி ஜீவித்திருக்கிறார் என்பதையும் நேரில் அறிந்த பிறகே பணம் கொடுக்கலாம்.

நிலத்தின் சுபாவத்தையும் பார்க்க வேண்டும். கோயில் நிலமா, புறம்போக்கா, 1892இல் ஆங்கிலேய அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலமா என்பது ‘அ’ பதிவேட்டிலும் பழைய நில அளவைப் பதிவேடுகளிலும் தேடத்தக்கது. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று விளம்பரப்படுத்தப்படுவது மனைப்பிரிவு அங்கீகாரமாகாது. அதை வழங்க வேண்டியது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககம். 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தபோது, மனையை வாங்கியும் விற்க இயலாமல் தவித்தவர்கள் பலர்.

ஐந்நூறு சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை விற்பனைக்கு விளம்பரம் செய்யுமுன், 2016ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி அதை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். அந்த எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். அச்சட்டத்தின்படி, விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கவும் கூடாது. சொன்னபடி சொன்ன காலத்தில் ஒப்படைக்காத நிறுவனத்திடமிருந்து விலகிக்கொண்டு, கட்டிய தொகையை வட்டியோடு திரும்பப் பெற அந்த ஆணையத்திடமே புகார் செய்யலாம். தனி மனிதரிடம் ஒப்பந்தம் போட்டு அவர் கிரயம் செய்து தர மறுத்தால் உரிமையியல் நீதிமன்றமே கதி. ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்தும், தேதி குறிக்கப்படாவிட்டால் மறுப்பு தெரியவந்த நாளிலிருந்தும் மூன்று வருஷத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். ‘அடுத்த தை மாதம் பார்க்கலாம்’ என்று தரகர் தவணை சொல்லிக்கொண்டிருப்பதால் அந்தக் கெடு நீளாது.