கடைசி வார இறுதியில் என்ன தீர்மானமாகிறது? கனடிய ஃபுட்போல் லீக்கின் புள்ளிக் கணக்கு

கனடாவில் 'ஃபுட்போல்' என்றால் எமது ஊர்களில் ஆடும் உதைபந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர் ஆடும் ஆட்டம் அது. ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் எமது உறவுகளின் பிள்ளைகள் வளர்வது இந்த ஆட்டத்தின் நடுவில்தான். ஒக்டோபர் இறுதியில் அங்கே எல்லோரும் புள்ளி அட்டவணையைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு.

லீக்கில் 9 அணிகள். மேற்குப் பிரிவில் பிரிட்டிஷ் கொலம்பியா, எட்மன்ரன், கல்கரி, சஸ்காச்சுவான், வினிப்பெக் என 5. கிழக்கில் ரொறன்ரோ, ஹமில்ரன், ஒட்டாவா, மொன்றியல் என 4. ஒவ்வோர் அணிக்கும் 18 ஆட்டங்கள். வெற்றிக்கு 2 புள்ளிகள், சமநிலைக்கு 1. அடுத்த சுற்றுக்கு 6 அணிகள் போகும்.

ஆனால் ஆறுக்குள் வந்தால் மட்டும் போதாது. பிரிவில் முதலிடம் பெறும் அணி அரையிறுதி ஆடாமலே, சொந்த மைதானத்தில் பிரிவு இறுதியாட்டத்தை ஆடும். காயப்பட்ட வீரர்களுக்கு ஒரு கிழமை ஓய்வும் கிடைக்கும். இரண்டாமிட அணி மூன்றாமிட அணியைத் தன் மைதானத்தில் எதிர்கொள்ளும். ஆக, கிறே கிண்ணத்தை வெல்ல முதலிட அணிக்கு இரண்டு வெற்றிகள் போதும். மற்றவர்களுக்கு மூன்று வேண்டும்.

2024இல் கடைசி வார இறுதிக்கு முன் மேற்கில் வினிப்பெக்கிடம் 20 புள்ளிகள், சஸ்காச்சுவானிடம் 19. வினிப்பெக் தோற்று சஸ்காச்சுவான் வென்றிருந்தால் இடம் மாறியிருக்கும். வினிப்பெக் மொன்றியலை 28-27 என ஒரே புள்ளியால் வென்றது. சஸ்காச்சுவான் கல்கரியிடம் தோற்றது. பின்னர் பிரிவு இறுதியாட்டத்தில் இதே இரு அணிகளும் வினிப்பெக் மண்ணில் மோதின. வினிப்பெக்கே வென்றது.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு பிரிவின் நான்காமிட அணி, மறு பிரிவின் மூன்றாமிட அணியைவிடக் கூடிய புள்ளிகள் பெற்றிருந்தால் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். புள்ளிகள் சமமென்றால் இடம் மாறாது. 2016இல் மேற்கில் நான்காவதான எட்மன்ரனுக்கு 20 புள்ளிகள். கிழக்கில் மூன்றாவதான மொன்றியலுக்கு 14. மொன்றியல் வெளியேற, எட்மன்ரன் கிழக்குக்குப் போய் ஹமில்ரனை வென்று, ஒட்டாவாவிடம் பிரிவு இறுதியாட்டத்தில் வீழ்ந்தது.

அந்த ஒட்டாவா 8 வெற்றி, 9 தோல்வி, 1 சமநிலையுடன்தான் கிழக்கில் முதலிடம் பெற்றிருந்தது. எட்மன்ரனைவிட 3 புள்ளிகள் குறைவு. ஆனாலும் 15 ஆட்டங்களை வென்றிருந்த கல்கரியை மேலதிக நேரத்தில் 39-33 எனத் தோற்கடித்து, நகரத்துக்கு 40 ஆண்டுகளின் பின் கிண்ணத்தைக் கொண்டுவந்தது.

அதற்காக முதலிடம் கிண்ணத்துக்கு உத்தரவாதமும் அல்ல. 2024இல் கிழக்கில் இரண்டாவதாக வந்த ரொறன்ரோ, ஒட்டாவாவையும் முதலிடத்து மொன்றியலையும் வென்று, இறுதியில் வினிப்பெக்கை 41-24 என வீழ்த்தியது. கடைசி வார இறுதி யாருக்கும் கிண்ணத்தைக் கொடுத்துவிடுவதில்லை. யாருக்குப் பாதை குறுகியது, யாருக்கு நீண்டது, யாருக்குக் கதவு அடைபட்டது என்பதை மட்டும் அது தீர்த்துவைக்கிறது.